வேலி இல்லாத லேசர்

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீளும் சிப்காட் தொழில் வளாகங்களில் வேலை பார்க்கும் பலருக்கு லேசர் புதிய சொல் இல்லை. 1998இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2010இல் ரெனோ-நிசான் ஆலை ஒரகடத்தில் திறந்தது. அவற்றைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகளும் கைபேசி ஆலைகளும் வளர்ந்தன. இரும்புத் தகட்டை வெட்டுவது, மெல்லிய உலோகத்தைப் பற்றவைப்பது, ஒரு பாகத்தின் மீது வரிசை எண் பொறிப்பது எல்லாம் உலகமெங்கும் வாகன, மின்னணுத் தொழில்களில் இன்று லேசரின் வேலை.

ஒழுங்காக நடக்கும் தொழிற்சாலையில் அந்த லேசர் கூண்டுக்குள் இருக்கும். கதவைத் திறந்தால் கதிர் தானாக நின்றுவிடும். இதைத்தான் இன்டர்லாக் என்கிறார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் சிவப்பு நிற எமர்ஜென்சி ஸ்டாப், கதவில் மஞ்சள் நிற எச்சரிக்கை முக்கோணம், பயிற்சி பெற்றவர் மட்டும் உள்ளே போகலாம் என்ற விதி, அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி எல்லாம் இருக்கும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60825 என்னும் தர விதி, லேசர்களை அவற்றின் ஆபத்தை வைத்து வகைப்படுத்துகிறது. தொடர்ந்து ஒளிரும் லேசரின் திறன் அரை வாட்டைத் தாண்டினால் அது நான்காம் வகை, அதாவது கடைசி வகை. நேர்க்கதிர் மட்டுமல்ல, சுவரில் பட்டுச் சிதறி வரும் ஒளியும் கண்ணைக் கெடுக்கலாம். தோலைச் சுடும், துணியில் பட்டால் தீப்பிடிக்கவும் செய்யும்.

முகத்து முடியை அகற்றவும், பச்சை குத்தியதை அழிக்கவும், பருத்தழும்பைச் சீராக்கவும் மருத்துவர்கள் பயன்படுத்தும் லேசர்களும் ஏறத்தாழ எல்லாமே இதே நான்காம் வகைதான். அவற்றில் சில, தொழிற்சாலை லேசரின் உடன்பிறப்புகள். நியோடிமியம் யாக் லேசரும் கரியமில வாயு லேசரும் 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகங்களில் உருவானவை. இரண்டாவதைக் கண்டவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். 1064 நானோமீட்டர் ஒளி உலோகத்தில் எண் பொறிக்கிறது. தோலுக்கடியில் பச்சை குத்திய மையை உடைப்பதும் அதே ஒளிதான். கரியமில வாயு லேசர் அக்ரிலிக் பலகையை வெட்டும், மருவையும் எரிக்கும்.

ஆலையில் இதைச் சுற்றி வேலி இருக்கிறது. ஆலை வாசலைத் தாண்டிக் கடைத்தெருவுக்கு வந்தால் பல இடங்களில் அந்த வேலி இல்லை. ஒரு நாற்காலி, ஒரு எந்திரம், சில நாள் பயிற்சி பெற்ற ஒருவர், சுவரில் ஓர் ஆஃபர் அறிவிப்பு. இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான். தோலுக்கான லேசர் நல்ல மருத்துவக் கருவி. அதன் பாதுகாப்பு எந்திரத்தோடு சேர்ந்து விலைக்கு வருவதில்லை, எந்திரத்தைச் சுற்றி நாம் கட்டும் ஒழுங்கிலிருந்து வருகிறது. அந்த ஒழுங்கை அன்றாடம் கடைப்பிடிக்கும் தொழிலாளிக்கு, அதைத் தன் முகத்துக்கும் கேட்டு வாங்கும் உரிமை உண்டு.

இலக்கைத் தேடும் ஒளி

1960 மே 16 அன்று கலிபோர்னியாவில் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லை வைத்து முதல் லேசரை ஒளிரச் செய்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே சின்சினாட்டி நகரத்துத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அந்த ஒளியைத் தோலில் செலுத்திப் பார்த்து, 1963இல் முடிவுகளை வெளியிட்டார். நிறம் கூடிய இடங்கள் ஒளியை அதிகமாக விழுங்குவதையும், நிறம் குறைந்த இடங்கள் தப்புவதையும் அவர் கவனித்தார்.

அந்தக் கவனிப்பு ஒரு கொள்கையாக முழு உருவம் பெற்றது 1983இல். ஹார்வர்டைச் சேர்ந்த ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பேரிஷும் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, தோலின் மற்றப் பகுதிகளைக் காயப்படுத்தாமல் ஒரே ஓர் இலக்கை மட்டும் சுட முடியும் என்று காட்டியது. அதற்கு மூன்று நிபந்தனைகள். இலக்கு நன்றாக விழுங்கும் அலைநீளமாக இருக்க வேண்டும். இலக்கைச் சிதைக்கும் அளவுக்கு ஆற்றல் வேண்டும். இலக்கு ஆறுவதற்குள் ஒளித்துடிப்பு முடிந்துவிட வேண்டும்.

மூன்றாவது நிபந்தனைதான் நுட்பமானது. மினி இட்லி தட்டில் வைத்ததுமே ஆறிவிடும். பெரிய இட்லி உள்ளே வெகுநேரம் சுடும். தோலுக்குள்ளும் அதே விதி: விட்டம் இருமடங்கானால் ஆறும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு. மெலனின் நிறமித் துகள் ஒன்று ஆற ஒரு மைக்ரோ விநாடிகூட ஆகாது. தோலின் மேலடுக்குக்கு ஏறத்தாழ 10 மில்லி விநாடி. தடித்த முடியின் வேர்ப்பைக்கு 40 முதல் 100 மில்லி விநாடி. ஆகவே முடியை அகற்றும் லேசர் மில்லி விநாடிக் கணக்கில் நீண்ட துடிப்புகளைத் தருகிறது. பச்சை குத்திய மையின் துகளை உடைக்கும் லேசர் நானோ விநாடிகளில், இப்போது பிக்கோ விநாடிகளிலும், அடித்து முடிக்கிறது. அரை ஜூல் என்பது மிகச் சிறிய ஆற்றல்தான். அது 5 நானோ விநாடியில் வெளிப்பட்டால் அந்தக் கணத்தின் திறன் 10 கோடி வாட்.

பச்சையை அழிக்கும் எந்திரம் முடியை அகற்றாது, முடிக்கானது பச்சையை அழிக்காது என்பதன் காரணம் இதுவே. ஒரே எந்திரத்தில் எல்லாம் செய்கிறோம் என்று ஓர் இடம் சொன்னால், எந்த அலைநீளத்தில், எத்தனை நேரத் துடிப்பில் என்று கேட்க வேண்டும். மினுக்கென்று வெட்டும் ஐபிஎல் விளக்கு லேசரே இல்லை. ஏறத்தாழ 500 முதல் 1200 நானோமீட்டர் வரையிலான பல நிற ஒளியை ஒரே வீச்சில் கொட்டும் விளக்கு அது. கரிய தோலில் அதைச் செலுத்துவதற்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை.

நம் தோலின் கணக்கு

1975இல் ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக், வெயிலில் யார் சிவந்து வெந்துபோகிறார்கள், யார் கருக்கிறார்கள் என்பதை வைத்துத் தோலை வகைப்படுத்தினார். சொரியாசிஸ் நோய்க்கான ஒளி சிகிச்சையில் அளவு நிர்ணயிப்பதற்காகச் செய்த பட்டியல் அது. முதலில் அதில் நான்கே வகைகள், எல்லாம் வெள்ளைத் தோலுக்கு. பழுப்புத் தோலும் கரிய தோலும் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பின்னரே சேர்ந்தன. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து, ஆறாம் வகையினர். அழகு லேசர்களின் தொடக்ககால அனுபவமும் அளவுகளும் பெரும்பாலும் வெள்ளைத் தோலிலிருந்து வந்தவை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முடியை அகற்றும் லேசருக்கு இலக்கு, முடிவேரில் உள்ள மெலனின். ஒளி வேரை அடையுமுன் தோலின் மேலடுக்கைக் கடக்க வேண்டும். அங்கேயும் மெலனின் இருக்கிறது. வெளிறிய தோலில் அது குறைவு. ஒளி தடையின்றி இறங்கும். நம் தோலில் மேலடுக்கே ஒளியின் பெரும்பங்கை விழுங்கிச் சூடாகிவிடும். காஞ்சிபுரம் வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து நம்மை நாள்தோறும் காப்பாற்றுவதும், வெள்ளையரைவிட நமக்குத் தோல் புற்றுநோய் மிகக் குறைவாக வரக் காரணமாக இருப்பதும் இந்த மெலனின்தான். தவறான அலைநீளத்தின் முன் அதுவே இலக்காகிவிடுகிறது.

இதற்கு விடை இருக்கிறது. அலைநீளம் கூடக் கூட மெலனின் ஒளியை விழுங்குவது குறையும். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசரில் விழுங்குவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் 1064 நானோமீட்டர் நியோடிமியம் யாக் லேசரில் விழுங்கும். எனவே கரிய தோலுக்கு முடி அகற்ற, நீண்ட துடிப்புள்ள 1064 லேசரையே பாதுகாப்பானதாகக் கருதுகிறார்கள். 800, 810 நானோமீட்டர் டயோடு லேசரையும் நீண்ட துடிப்பு, குறைந்த ஆற்றல், நல்ல குளிரூட்டல் ஆகியவற்றோடு பயன்படுத்தலாம். குளிரூட்டல் ஆடம்பரம் இல்லை. கதிர் பாயும் முன்னும் பின்னும் மேலடுக்கைக் குளிர வைக்கும் நீலமணிக் கண்ணாடி முனையோ குளிர்காற்றோ வேலை செய்யாவிட்டால், சரியான அளவும் கொப்புளமாகும்.

இன்னொரு காரணி வெயில். கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்பவரும், இருசக்கர வண்டியில் வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் போய்வருபவரும் ஒரே மாதத்தில் முகத்திலும் முன்கையிலும் கருத்துவிடுவார்கள். சென்ற மாதம் பொருந்திய அளவு இந்த மாதம் பொருந்தாது. சிட்டிங்குக்குச் சிட்டிங் தோலைப் பார்த்து அளவை மாற்றாதவர், பழைய அளவால் புதிய தோலைச் சுடுகிறார்.

என்னென்ன நேரலாம்

லேசருக்குப் பிறகு சில மணி நேரம் சிவப்பதும், முடியடி சற்று வீங்குவதும், எரிவதும் எதிர்பார்க்கத்தக்கவை. இரண்டு நாளுக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும்.

நம் தோலில் அடிக்கடி வருவது, காயத்துக்குப் பிந்தைய கருமை. லேசரின் சூடு ஓர் அழற்சியை மூட்ட, நிறமிச் செல்கள் பதற்றத்தில் மெலனினை அள்ளிக் கொட்டுகின்றன. இது உடனே தெரியாது. இரண்டு, மூன்று வாரம் கழித்து, எல்லாம் நன்றாக ஆறியது என்று நினைக்கும் வேளையில் தலைகாட்டும். பெரும்பாலும் சில மாதங்களில் மங்கும். வெயில் பட்டால் நீளும். இதைவிடக் கடினமானது வெண்மை. நிறமிச் செல்களே சேதமானால் அந்த இடம் வெளுத்துப்போகும். சிலருக்கு நிறம் திரும்புவதே இல்லை. வெண்புள்ளி உள்ளவர்களுக்குக் காயம் பட்ட இடத்தில் புதிய வெண்திட்டு கிளம்பவும் கூடும்.

ஆழமாகச் சுட்டால் கொப்புளமும் தழும்பும் வரும். மார்பு, தோள்பட்டை, காது மடல், தாடையோரம் போன்ற இடங்களில் சிலருக்குத் தழும்பு மேடிட்டு, காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும். இதைக் கீலாய்டு என்கிறார்கள். குடும்பத்தில் இது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உதட்டோரம் அக்கி போன்ற கொப்புளம் அடிக்கடி வருபவர்களுக்கு அந்த வைரஸ் லேசரால் மீண்டும் கிளர்ந்தெழலாம். மருத்துவர் முன்னதாகவே மாத்திரை கொடுத்து அதைத் தடுக்க முடியும்.

முடி அகற்றப் போன இடத்தில் முடி கூடுவதும் உண்டு. முகத்திலும் கழுத்திலும், குறிப்பாக ஹார்மோன் மாற்றம் உள்ள, நிறம் கூடிய பெண்களிடம் இதைக் காண்கிறார்கள். கொல்லும் அளவுக்குப் போதாத சூடு, உறங்கிக் கிடக்கும் வேர்களை எழுப்பிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். கருமுட்டைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் முகத்தில் முடி வளரும் பெண்ணுக்கு லேசர் பாதி சிகிச்சைதான். ஹார்மோனைக் கவனிக்காமல் சிட்டிங் மட்டும் தொடர்ந்தால் பணம் கரையும், முடி திரும்பும். எல்லாம் சரியாக அமைந்தாலும் லேசர் தருவது நீண்டகாலக் குறைப்பு, ஒரு முடிகூட இல்லாத நிலை இல்லை. வளரும் பருவத்தில் உள்ள வேர்களே ஒளிக்குப் பிடிபடும். எனவேதான் சில வார இடைவெளியில் ஆறு, எட்டு சிட்டிங் தேவைப்படுகிறது. நரைத்த முடியில் மெலனின் இல்லாததால் லேசர் பலிக்காது.

மங்கு தனிக் கதை. கன்னத்தில் படரும் அந்தப் பழுப்புத் திட்டைப் போக்க, லேசர் டோனிங் என்ற பெயரில் குறைந்த ஆற்றலில் வாரந்தோறும் கதிர் செலுத்துகிறார்கள். தொடக்கத்தில் முகம் தெளிவாகத் தோன்றும். நிறுத்தினால் பலருக்கு மங்கு திரும்பும். திரும்பத் திரும்பச் செய்தால் நடுவே அரிசிமணி போன்ற வெள்ளைப் புள்ளிகள் தோன்றலாம். அவற்றைச் சரிசெய்வது மங்குத் திட்டைச் சரிசெய்வதைவிடக் கடினம். மங்குக்கு முதல் மருந்து வெயிலைத் தவிர்ப்பதும் சன்ஸ்கிரீனும் பொறுமையும். லேசர் கடைசி வரிசை.

மருந்துக்கடையில் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள் இங்கே மறைந்திருந்து வேலை செய்கின்றன. முகம் வெளுக்கும் என்று மாதக்கணக்கில் தடவியவர்களின் தோல் மெலிந்து, சிவந்து, வெயில் தாங்காமல் போகிறது. மருத்துவர் சீட்டில்லாமல் இவற்றை விற்பதைக் கட்டுப்படுத்த 2018இல் மத்திய அரசு இத்தகைய க்ரீம்கள் பலவற்றை எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அப்படி மெலிந்த தோலில் லேசர் பட்டால் காயம் எளிது. எந்தக் க்ரீம் பூசினீர்கள் என்று கேட்காமல் லேசர் செலுத்துபவர், பரிசோதிக்காமல் ஊசி போடுபவருக்குச் சமம்.

மச்சத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அளவு மாறும், நிறம் மாறும், ஓரம் கலையும் மச்சத்தை, என்னவென்று மருத்துவர் பார்க்காமல் லேசரால் எரிக்கக் கூடாது. மேற்பரப்பில் நிறம் மறைந்து, உள்ளே ஒரு புற்றுநோய் அடையாளம் தெரியாமல் வளர அது வழிவிடலாம். ராணுவத் தேர்வுக்காகவோ திருமணத்துக்காகவோ பச்சையை அழிக்க வருபவர்களுக்கும் ஒரு சொல்: இளஞ்சிவப்பு, வெள்ளை, தோல் நிற மைகளில் உள்ள இரும்பு, டைட்டானிய ஆக்சைடுகள் லேசர் பட்டவுடன் கருத்துவிடலாம். புருவத்திலும் உதட்டிலும் அழகுக்காகக் குத்திக்கொண்ட நிறத்துக்கு இது மிகவும் பொருந்தும். முதலில் ஒரு புள்ளியில் சோதித்துப் பார்ப்பதே வழி.

வலிக்காமல் இருக்கப் பூசும் மரப்புக் களிம்பும் மருந்துதான். அமெரிக்காவில் லேசர் முடி அகற்றலுக்கு முன் கால் முழுவதும் அதைப் பூசிப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்ட இளம்பெண்கள் இருவர் இறந்தபின், 2007 பிப்ரவரியில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை வெளியிட்டது. பெரிய பரப்பில் பூசிச் சுற்றினால் மருந்து ரத்தத்தில் ஏறி இதயத்தையும் மூளையையும் தாக்கும். எவ்வளவு பூசலாம் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இமை மூடினால் போதாது

தோல் ஆறும். விழித்திரை ஆறாது. 400 முதல் 1400 நானோமீட்டர் வரையிலான ஒளியைக் கண்ணின் வில்லை குவித்து, விழித்திரையில் ஒரு லட்சம் மடங்குவரை செறிவாக்கிவிடும். 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. எனவே இமைக்கவும் தோன்றாது, ஆபத்து நடந்தபின்தான் தெரியும்.

இமையை மூடிக்கொண்டால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. இமையின் தோல் உடலிலேயே மெல்லியது. அதை ஊடுருவி லேசர் செல்லும். மேலும், கண்ணை இறுக மூடும்போது விழி இயல்பாக மேல்நோக்கிச் சுழலும். அப்போது கருவிழியின் நிறமுள்ள திரை புருவத்துக்கு அருகே வந்துவிடுகிறது. புருவத்துக்குக் கீழே முடியகற்றப் போய்க் கருவிழித்திரை சிதைந்து, கண்மணி கோணலாகி, உள்ளே அழற்சியும் கண்புரையும் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கண்குழியின் எலும்பு விளிம்புக்கு உள்ளே முடி அகற்ற லேசர் செலுத்தக் கூடாது. முகத்தின் மற்றப் பகுதிகளில் செய்யும்போதும், ஒளி புகாத கவசம் நோயாளிக்கு வேண்டும். சிகிச்சை செய்பவருக்கு அந்த அலைநீளம் அச்சிட்ட கண்ணாடி வேண்டும். 755க்கு வாங்கிய கண்ணாடி 1064ஐத் தடுக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

இங்கே ஒருவரை நாம் மறந்துவிடுகிறோம்: நாள் முழுவதும் அந்த எந்திரத்தைப் பிடித்து நிற்கும் இளம் பணியாளர். கருகும் முடியின் புகையை ஆராய்ந்து 2016இல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, அதில் 377 வேதிப்பொருள்களைக் கண்டது. 13 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்குபவை அல்லது உண்டாக்கலாம் எனக் கருதப்படுபவை. புகை உறிஞ்சி இல்லாத சிறிய ஏசி அறையில் அவர் மூச்சுவிடுவது அந்தக் காற்றைத்தான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆம் பிரிவே மிகைஒளியிலிருந்து தொழிலாளியின் கண்ணைக் காக்கச் சொன்னது. 40பி பிரிவு 1,000 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைக்குப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றது. அழகு நிலையத்தில் நிற்கும் பெண்ணுக்கு அப்படி ஒருவர் இல்லை.

எந்திரத்தைப் பிடிப்பது யார்

2014இல் ஜாமா டெர்மட்டாலஜி இதழில் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் தோல் லேசர் காயங்களுக்காகத் தொடரப்பட்ட வழக்குகளைத் தொகுத்தது. மருத்துவரல்லாதவர் கருவியை இயக்கிய வழக்குகளின் பங்கு 2008இல் 36 விழுக்காடாக இருந்தது. 2011இல் 78 விழுக்காடானது. முடி அகற்றலே அதிக வழக்குகளுக்குக் காரணம். மிக எளிது என்று எண்ணப்படும் சிகிச்சையில்தான் மேற்பார்வை முதலில் கைவிடப்படுகிறது.

நம் அருகிலும் பாடம் உண்டு. 2016இல் சென்னையில், அழகு நிலையமாக நடந்த ஓரிடத்தில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அது லேசர் இல்லை. ஆனால் சிகிச்சையை அலங்காரமாக எண்ணி, மருத்துவமனைக்கு உரிய ஏற்பாடுகள் இல்லாத இடத்தில் செய்ததன் விலை அது. 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அழகு சிகிச்சைகளையும் முடி நடுதலையும் யார் செய்யலாம் என்று விளக்கம் வெளியிட்டது. பயிலரங்குக்குப் போய்வந்ததோ, யூடியூபில் பார்த்ததோ இவற்றைத் தொடங்கப் போதிய பயிற்சியாகாது என்று அது வெளிப்படையாகச் சொன்னது. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் லேசருக்கான வழிகாட்டுதல்களை 2008லேயே வெளியிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்கள் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெற வேண்டும். அதன் விதிகள் 2018இல் வந்தன. 2017இன் மருத்துவக் கருவி விதிகள் 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளுக்கும் விரிந்தன. சட்டம் இருக்கிறது. கடைத்தெருவின் மாடிப்படி வரை அது ஏறி வர வேண்டும்.

சிப்காட் சூழ்ந்த இந்தப் பகுதிக்கு இந்த எச்சரிக்கை மிகவும் பொருந்தும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் கைபேசி ஆலைப் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. இருபதை ஒட்டிய வயது, கையில் சொந்தச் சம்பளம், பல மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து சேர்ந்த வாழ்க்கை. பருத்தழும்பும் முகத்து முடியும் மனத்தை வருத்துவது உண்மை. அவற்றுக்குச் சிகிச்சை தேடுவது அவர்கள் உரிமை. முகத்தை வெளுப்பாக்கித் தருகிறேன் என்று வருபவரிடம் மட்டும் அவர்கள் தங்கள் முகத்தைக் கொடுக்கக் கூடாது. பிறவி நிறம் நோயில்லை. அதை மாற்றும் பாதுகாப்பான லேசர் எதுவும் இல்லை.

கேட்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

முதல் கேள்வி: சிகிச்சைக்குப் பொறுப்பேற்கும் மருத்துவர் யார், அவர் தோல் மருத்துவம் படித்தவரா? அவருடைய பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். இரண்டாவது: எந்த லேசர், எந்த அலைநீளம், என் தோலுக்கு அதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? மூன்றாவது: மறைவான ஓரிடத்தில் சோதனைப் புள்ளி வைப்பீர்களா? கருமை வர நாளாகும் என்பதால், வைத்த அன்றே முழுச் சிகிச்சை செய்வதில் பொருளில்லை. நம் தோலுக்குச் சில வாரம் பொறுப்பது நல்லது. நான்காவது: காயம் பட்டால் யாரிடம், எந்த நேரத்தில் வரலாம்? இவற்றுக்கு எரிச்சலில்லாமல் பதில் சொல்பவரிடம் போகலாம்.

நோயாளியின் பங்கும் உண்டு. முடி அகற்றுவதற்கு நான்கு வாரம் முன்பிருந்து வாக்சிங், திரெடிங் கூடாது. வேர் இருந்தால்தான் லேசருக்கு இலக்கு இருக்கும். மழித்துக்கொள்ளலாம். அதே நான்கு வாரம் வெயிலைத் தவிர்த்து, சிகிச்சைக்குப் பின்னும் சன்ஸ்கிரீன் பூச வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டதையும், பூசிய க்ரீமையும், கீலாய்டையும், கர்ப்பத்தையும் மறைக்கக் கூடாது. மூட்டுவாதத்துக்குத் தங்க ஊசி போட்டுக்கொண்டவர்களும், எத்தனை ஆண்டு ஆனாலும், சொல்ல வேண்டும். குறுந்துடிப்பு லேசர் பட்டால் அவர்கள் தோல் நீலக்கருமையாக மாறி நின்றுவிடும். சிட்டிங்குக்குச் சிட்டிங் அலைநீளமும் ஜூல் அளவும் துடிப்பு நேரமும் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இடம் மாறினால் அடுத்த மருத்துவருக்கும், காயம் பட்டால் உங்களுக்கும் அது ஆதாரம்.

தாங்க முடியாத எரிச்சல் வந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். சுட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பனிக்கட்டியை நேராக வைக்கக் கூடாது. பற்பசை, மஞ்சள், மை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். அன்றே படம் எடுத்து, அடுத்த நாளே தோல் மருத்துவரைப் பாருங்கள். கண்ணில் மங்கலோ வலியோ இருந்தால் அடுத்த நாள்வரை பொறுக்காமல் கண் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஈஎஸ்ஐ அட்டை உள்ளவர்கள் மருந்தகம் வழியாக மேல் சிகிச்சைக்குப் பரிந்துரை பெறலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு உண்டு. மருத்துவர் மீதான புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும், நிலையத்தின் மீதான புகாரை மாவட்ட மருத்துவ இணை இயக்குநருக்கும் அனுப்பலாம். இழப்பீடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு செய்யலாம்.

ஆண்டுதோறும் மார்ச் 4 அன்று தேசியப் பாதுகாப்பு நாள் வருகிறது. அந்த வாரம் இந்த ஆலைகளில் உறுதிமொழி எடுக்கிறார்கள், சுவரொட்டி ஒட்டுகிறார்கள், தீயணைப்புப் பயிற்சி நடக்கிறது. அந்த நாட்களில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, ஓர் அரசுத் தோல் மருத்துவரை அழைத்து, லைனில் நிற்கும் இளம் தொழிலாளர்களிடம் தோலுக்கான லேசரைப் பற்றிப் பேசச் சொல்ல வேண்டும். இன்டர்லாக் ஏன் என்று அறிந்தவர்களுக்குச் சோதனைப் புள்ளி ஏன் என்று புரியவைப்பது கடினமில்லை. அதே மாதம் மாவட்டச் சுகாதார அதிகாரிகள் கடைத்தெருவின் லேசர் அறைகளையும் பார்வையிட்டு, பதிவு இருக்கிறதா, மருத்துவர் இருக்கிறாரா, கண்கவசம் இருக்கிறதா என்ற மூன்றை மட்டுமாவது சரிபார்க்க வேண்டும். இரண்டுக்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. இருக்கும் சட்டத்தை நடத்திக் காட்டுவதே போதும்.